புளூ மவுண்டனா, கோனாவா?

விலை உயர்ந்த காபி என்று பேச்செடுத்தால் இரண்டு தீவுகளின் பெயர் தவறாமல் வரும். ஒன்று, கரீபியக் கடலில் இருக்கும் ஜமைக்காவின் புளூ மவுண்டன். இன்னொன்று, பசிபிக் நடுவே ஹவாயின் பெரிய தீவில் விளையும் கோனா. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? நாக்கை மட்டும் நம்பி இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி. இந்த இரண்டிலும் நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு பெயருக்குப் போகிறது. அந்தப் பெயரை இரு ஊர்க்காரர்களும் காப்பாற்றிய விதம் நேர் எதிர்.

முதலில், இரண்டும் ஒரே குடும்பம். இரண்டு மலையிலும் பெரும்பாலும் இருப்பது அராபிகா என்ற காபி இனத்தின் பழைய ரகமான டிப்பிகா. ஏமனில் கிளம்பி, மலபார் கரை வழியாக டச்சுக்காரர்கள் ஜாவாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் தாவரத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு அமெரிக்கக் கண்டத்துக்குப் போன செடி அது. 1720களில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி காப்ரியேல் து கிளியூ அதை மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுவந்தார். 1728இல் ஜமைக்காவின் முன்னாள் ஆளுநர் நிக்கலஸ் லாஸ் அங்கிருந்து தன் தீவுக்கு வரவழைத்தார். ஹவாய்க்கு வந்தது ஒரு நூற்றாண்டு கழித்து. 1825இல் லண்டனிலிருந்து திரும்பிய போக்கி என்ற ஹவாய்ப் பிரபு வழியில் பிரேசிலில் செடிகளை வாங்கி வந்தார். 1828இல் சாமுவேல் ரகிள்ஸ் என்ற மிஷனரி அவற்றில் சிலவற்றைக் கோனாவில் நட்டார். இன்று கோனா என்று நாம் குடிப்பது, 1892இல் குவாத்தமாலாவிலிருந்து வந்த டிப்பிகாவின் வாரிசு. ஆக, செடியில் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம்.

மலையில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. புளூ மவுண்டன் காபி சுமார் 900 மீட்டரிலிருந்து 1,700 மீட்டர் வரையிலான சரிவுகளில் விளைகிறது. மலையின் உச்சி 2,256 மீட்டர். மழையும் மூடுபனியும் ஓயாத இடம். பழம் அவசரப்படாமல், மற்ற ஊர்களைவிட மாதக்கணக்கில் கூடுதலாக எடுத்துக்கொண்டு பழுக்கிறது. சரிவு அவ்வளவு செங்குத்தாக இருப்பதால் இயந்திரம் ஏறாது. பறிப்பது முழுக்கக் கைதான். கோனாவோ தாழ்வான இடம். ஹுவாலாலை, மவுனா லோவா என்ற இரு எரிமலைகளின் மேற்குச் சரிவில் ஏறத்தாழ 150 முதல் 900 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. உயரம்தான் காபியின் தரம் என்று மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கு இது இடிக்கும். ஆனால் அங்கே காலையில் வெயில் அடிக்கும், மதியம் ஆனதும் மேகம் கூரை போட்டுவிடும். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளி, 19 பாகை வடக்கில் இருப்பதால் இரவுகளும் இதமாகக் குளிர்கின்றன. மண் இளம் எரிமலைப் பாறை; தண்ணீர் தேங்காது. மலை தராத உயரத்தை மேகம் ஈடுகட்டுகிறது.

வரலாற்றுக்கு வந்தால் ஜமைக்காவின் கதை கனமானது. 1791இல் ஹெயிட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததும், அங்கிருந்து ஓடிவந்த பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் பலர் ஜமைக்கா மலைகளில் காபி போட்டார்கள். உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் முன்னணி ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக ஜமைக்கா இருந்தது. 1838இல் அடிமை முறை முழுதாக ஒழிந்ததும் பெருந்தோட்டங்கள் சரிந்தன. அந்தச் சரிவின் மறுமுனை நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. பிரிட்டனுக்குக் காபி வேண்டும், ஜமைக்காவால் முடியவில்லை. முதலீடு இலங்கையின் கண்டி மலைகளுக்குத் திரும்பியது. ஜமைக்காவில் தொழில் கற்ற ராபர்ட் பாய்ட் டைட்லர் என்ற தோட்டக்காரர் 1837இல் இலங்கைக்கு வந்து அந்த மேற்கிந்தியச் சாகுபடி முறையை அங்கே பரப்பினார். அந்தக் காபித் தோட்டங்களில் வேலை செய்யத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கடல் கடந்து, காட்டு வழியே நடந்து போனார்கள். தேயிலை வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

கைவிடப்பட்ட ஜமைக்காவில் காபி சிறு விவசாயிகளிடம் பிழைத்துக்கிடந்தது. தரம் கெட்டுப்போய், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாங்க ஆளில்லாத நிலை. அரசு விழித்துக்கொண்டு 1950இல் காபித் தொழில் வாரியத்தை அமைத்தது. அப்புறம் ஜப்பானியர்கள் வந்தார்கள். கடன் கொடுத்தார்கள், முதலீடு செய்தார்கள், விளைச்சலில் பெரும்பகுதியை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். பல ஆண்டுகள் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு ஜப்பானுக்கே போனது. இந்தக் காபிக்கு உலகப் புகழும் விலையும் வந்ததில் மலைக்கு எவ்வளவு பங்கோ, டோக்கியோ வாடிக்கையாளருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதில் ஆபத்தும் இருந்தது. 2008 பொருளாதார நெருக்கடியில் ஜப்பான் கையைச் சுருக்கியதும் ஜமைக்கா விவசாயிகள் பலர் பழத்தை விற்க முடியாமல் தோட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

கோனாவில் ஜப்பானியர்கள் வேறு வேடத்தில் வருகிறார்கள். 1899 வாக்கில் உலகச் சந்தையில் காபி விலை விழுந்தது. கோனாவின் பெரிய தோட்டக்காரர்கள் நிலத்தைச் சில ஏக்கர் துண்டுகளாக வெட்டிக் குத்தகைக்கு விட்டார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலியிலிருந்து விடுபட்டு வந்த ஜப்பானியக் குடும்பங்கள். பின்னர் பிலிப்பைன்ஸ்காரர்களும் வந்தார்கள். வீட்டில் எல்லோரும் பறிக்க வேண்டும், பிள்ளைகள் உட்பட. அதனால் 1930களிலிருந்து 1960களின் கடைசி வரை கோனாப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை கோடையில் இல்லாமல் காபி அறுவடை மாதங்களில் விடப்பட்டது. ஒரு தீவில் வாங்கி வளர்த்தவர்கள், இன்னொன்றில் பறித்து வளர்த்தவர்கள். கோனாவில் இன்றும் பெரும்பாலான தோட்டங்கள் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவைதான்.

சரி, பெயர் விஷயம். இங்கேதான் ஜமைக்கா தெளிவாக ஜெயிக்கிறது. எந்த எல்லைக்குள், எந்த உயரத்தில் விளைந்தால் புளூ மவுண்டன் என்று சட்டமே வரையறுக்கிறது. அதற்குக் கீழே விளைவதற்கு வேறு பெயர். ஏற்றுமதிக்கு முன் அரசு அமைப்பு மாதிரி எடுத்துச் சுவைத்துப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. உயர்ந்த தரங்கள் சாக்கில் போகாமல் மரப்பீப்பாயில் போகின்றன. பீப்பாய் கொஞ்சம் பகட்டுதான், ருசியை அது கூட்டிவிடாது. ஆனால் இந்த ஒழுங்கு நிஜம்.

கோனாவின் கதை வருத்தமானது. 1990களில் கலிபோர்னியாவில் ஒரு வியாபாரி மத்திய அமெரிக்கக் காபியைக் கோனா சாக்கில் மாற்றி வருடக்கணக்கில் விற்றது அம்பலமாகி, வழக்கு தண்டனையில் முடிந்தது. அது திருட்டு. சட்டப்படியே நடப்பது அதைவிட மோசம். 10 சதவீதம் கோனா கலந்தால் போதும், ‘கோனா பிளெண்ட்’ என்று விற்கலாம் என்று ஹவாய் மாநிலச் சட்டமே அனுமதித்தது. மீதி 90 எங்கிருந்து வந்தால் என்ன? பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2024இல் அந்த அளவை 51 சதவீதமாக உயர்த்தச் சட்டம் வந்தது. அமலுக்கு வருவது 2027இல். 2019இல் விவசாயிகளே பெரிய சங்கிலிக் கடைகள் உட்படப் பல விற்பனையாளர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். கொட்டையில் இருக்கும் தனிமங்களின் விகிதத்தை ஆய்வகத்தில் பார்த்து, இது கோனா மண்ணில் விளைந்ததில்லை என்று காட்டினார்கள். சமரசத் தொகையாகப் பல கோடி டாலர் கிடைத்தது.

ருசி? இரண்டுமே சாது. புளூ மவுண்டனில் கசப்பு ரொம்பக் குறைவு, புளிப்பு மென்மை, எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது. விரும்புகிறவர்கள் இதைச் சமநிலை என்பார்கள். எனக்குச் சில சமயம் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். கோனாவில் புளிப்பு ஒரு படி எடுப்பாக இருக்கும், கொட்டைப் பருப்பு வாசமும் வெல்லத் தித்திப்பும் தெரியும். என் ஓட்டு, கொஞ்ச வித்தியாசத்தில், கோனாவுக்கு. இன்றைய ருசி நடுவர்கள் இரண்டையும் உச்சியில் வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004இல் பனாமாவின் எஸ்மெரால்டா தோட்டத்து கெய்ஷா ரகம் பவுண்டுக்கு 21 டாலருக்கு ஏலம் போனதிலிருந்து, மல்லிகை வாசத்துக்கும் பழச் சுவைக்கும்தான் மவுசு.

நோயும் புயலும் இரு பக்கமும் உண்டு. ஜமைக்காவை 1988இல் கில்பர்ட், 2004இல் ஐவன் என்று சூறாவளிகள் அடித்துப் போட்டன. கோனாவில் 2010இல் காய்த்துளைப்பான் வண்டு நுழைந்தது. ஒரு காலத்தில் இலங்கைக் காபியை அடியோடு அழித்த இலைத்துரு நோய் 2020இல் ஹவாயையும் எட்டிவிட்டது. அமெரிக்கக் கூலி விகிதத்தில் கைப்பறிப்பும் மருந்தடிப்பும் செய்ய வேண்டியிருப்பதால், கோனாவின் விலையில் பாதி நியாயம் அந்தக் கூலிக் கணக்கிலேயே கிடைத்துவிடுகிறது.

வாங்கும்போது இப்படிச் செய்யலாம். கடையிலோ இணையச் சந்தையிலோ வாங்குவதானால் புளூ மவுண்டனை எடுங்கள், ‘100 சதவீதம்’ என்ற சொல்லும் சான்று முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து. ‘பிளெண்ட்’, ‘ஸ்டைல்’ என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் வைத்துவிடுங்கள். கோனாவைக் கடையில் வாங்காதீர்கள். அங்கே பல விவசாயிகள் தாங்களே பதப்படுத்தி, வறுத்து, தங்கள் பெயரிலேயே அஞ்சலில் அனுப்புகிறார்கள். அவர்களிடம் நேராக வாங்குங்கள். ஜமைக்காவில் சிறு விவசாயி பெரும்பாலும் பழத்தை மேவிஸ் பேங்க் போன்ற ஆலைகளுக்கு விற்றுவிடுவதால், ஒரே தோட்டத்துக் காபி கிடைப்பது அரிது. நம்மூர்க் கடையில் பீபெரி (பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒன்றே ஒன்றாக உருண்டு விளையும் கொட்டை) கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி: இரண்டு ஊரிலும் பீபெரி தனியாக, பெரும்பாலும் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். முதல் தடவைக்கு அது வேண்டியதில்லை. கோனாவில் ‘எக்ஸ்ட்ரா ஃபேன்சி’க்குக் கீழே ‘நம்பர் ஒன்’ தரமே தாராளம்.

எதை வாங்கினாலும் கொட்டையாக வாங்கி, மிதமான வறுப்பில், குடிக்கிற அன்று அரையுங்கள். சிக்கரி வேண்டாம், பாலும் வேண்டாம். கெட்டி டிகாக்‌ஷன் போட்டுப் பாலை ஊற்றி நுரைக்க ஆற்றிக் குடிப்பதற்குச் சிக்மகளூரின் ‘பிளாண்டேஷன் ஏ’ தரக் கொட்டை மிகக் குறைந்த விலையில் இதைவிட நன்றாகவே வேலை செய்யும்.