காரைக்குடிப் பக்கம் ஹோம் ஸ்டேஜிங்: புரோக்கரோடு சேர்த்து எடுக்கலாமா?

பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டை விற்க நினைப்பவர்களிடம் "ஸ்டேஜிங் ஆளையும் நாங்களே கூட்டி வந்துவிடுகிறோம், தனியாகச் செலவில்லை" என்று சொல்லும் புரோக்கர்கள் உண்டு. வீட்டைச் சுத்தம் செய்து, சாமான் ஒழித்து, வாங்க வருகிற பார்ட்டியின் கண்ணுக்குப் பிடித்தபடி அமைத்துக் கொடுப்பதுதான் ஸ்டேஜிங். அமெரிக்காவில் 1970களில் உருவான தொழில். நம் பக்கத்து வீடுகளுக்கு இது நன்றாகவே பயன்படும். ஆனால் புரோக்கர் கமிஷனுக்குள் அடக்கித் தரும் சேவையாக இதை வாங்காதீர்கள். வீட்டுக்காரரே தனியாகப் பேசி, தனியாக எழுதி, தனியாகப் பணம் கொடுப்பதுதான் சரி.

காரணம் இதுதான். கமிஷனுக்குள் அடங்கிய வேலைக்கு, கிரயம் முடிந்தால்தான் ஸ்டேஜிங்காரர் கையில் காசு வரும். அதனால் போட்டோவில் பளிச்சென்று தெரியும் வேலையை மட்டும் அவசரமாகச் செய்வார். அந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது சுவர். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் எமல்ஷன் அடித்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. அடுத்த மழைக்காலத்தில் கொப்பளித்து, பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு உதிரும். தூசி தட்டி, ஈரப் பருத்தித் துணியால் துடைத்தாலே அந்தச் சுவரின் மினுமினுப்பு திரும்பிவிடும். இதற்குப் பெயிண்ட் செலவே தேவையில்லை.

அடுத்தது தரை. ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்தது. கறை போக ஆசிட் ஊற்றினால் அது சிமெண்டையே அரிக்கும். வண்ணம் மங்கிவிடும், மீட்க முடியாது. வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு துணியில் சில துளி தேங்காய் எண்ணெய் தொட்டு இழுத்தால் போதும். எண்ணெய் துடைத்த அன்றே பார்ட்டி வந்தால் கால் வழுக்கிவிடும். ஆகவே புரோக்கர் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் ஆள் கூட்டி வர வேண்டும். இதை அக்ரிமென்ட்டிலேயே எழுதுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால், கார் வாசலுக்கு வந்த பிறகுதான் போன் வரும்.

வேலை வரிசையும் முக்கியம். முதல் அடி புரோக்கருடையது: தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று பார்த்து, வீட்டில் எத்தனை புள்ளி (மணமான தம்பதிக் குடும்பம்), யார் யாருக்குப் பங்கு, எல்லோரும் சம்மதமா என்று உறுதி செய்வது. ஒரு பங்காளி கையெழுத்துப் போடாத வீட்டை ஸ்டேஜிங் செய்வது வீண் செலவு. அதற்குப் பிறகு ஓடு மாற்றுவது, ஒழுகலை நிறுத்துவது, மாடியில் வௌவால் அடைந்திருந்தால் விரட்டி வலை கட்டுவது. ஸ்டேஜிங் அதற்கு அடுத்து, போட்டோ கடைசியில். புரோக்கர்கள் போட்டோவை முதலில் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிடுகிறார்கள். ஒட்டடை படிந்த வளவை (உள்முற்றப் பகுதியை) பார்த்தவர் மனத்தில் விலை அங்கேயே இறங்கிவிடும். பிறகு எவ்வளவு அழகாக்கினாலும் ஏறாது.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் சாமான் ஒழிப்பு. பர்மாத் தேக்குப் பெட்டி, எனாமல் அடுக்கு, பித்தளை அண்டா, பழைய ரவிவர்மா அச்சுப் படம் எல்லாம் "பழசு" என்ற பெயரில் வெளியேறி, பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேரும். வீட்டை ஒழிப்பவரும் அதே பொருளை வாங்குபவரும் ஒரே ஆளாகவோ உறவாகவோ இருக்கக் கூடாது. புரோக்கருக்கும் இதே நிபந்தனைதான். ஒழித்ததையெல்லாம் பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, வீட்டின் இரண்டாம் கட்டில் (வளவுக்குப் பின்னால் உள்ள பகுதியில்) ஓர் அறையில் பூட்டி, சாவியை வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளட்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அலங்காரத்துக்கு வாடகைக்குக் கொண்டுவந்த ஊஞ்சலையும் பீரோவையும் காட்டி, "இதெல்லாம் வீட்டோடு வரும்" என்று புரோக்கர் பார்ட்டியிடம் சொல்லிவிடுவார். கிரயத்துக்கு முதல் நாள் சண்டை அதில்தான் தொடங்கும். எது வீட்டோடு சேர்த்தி, எது வாடகைச் சாமான் என்ற பட்டியலைப் புரோக்கரிடமும் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.

குடும்பப் படங்களை எடுத்துவிடு என்பது அமெரிக்கப் பாடம். முகப்பில் மாட்டிய ஐயா, அப்பத்தா படங்களை இங்கே கேட்காமல் கழற்றினால் பங்காளிகள் மனம் புண்படும், விற்பனையே நின்றுபோகலாம். ஹோட்டல் நடத்த வாங்குபவருக்கு அந்தப் படங்கள் பிடிக்கவும் செய்யும். சாமி வீட்டை (பூஜை அறையை) திறக்கவே வேண்டாம்.

ஈரக்கறையைப் பீரோ வைத்து மறைக்கச் சொல்லும் புரோக்கரை விட்டு விலகுங்கள். சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. பின்னால் வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

பணம்: பாதி முன்பணம், மீதி போட்டோ முடிந்த அன்று. கிரயத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். வாடகைச் சாமானுக்கு மாதக் கணக்கு ஓடும். பேசிய தவணைக்குள் புரோக்கர் பார்ட்டியே கூட்டி வராவிட்டால், அதற்கு மேற்பட்ட வாடகையில் அவருக்கும் பங்கு உண்டு என்று முன்கூட்டியே எழுதலாம். நல்ல புரோக்கர் இதற்குத் தயங்க மாட்டார்.

ஹோட்டலுக்கு என்றே பார்ட்டி வருவதாக இருந்தால் ஊஞ்சலும் பூச்சாடியும் அவ்வளவு முக்கியமில்லை. சுத்தம், அளவோடு போட்ட வரைபடம், கழிவறைக் குழாய் எங்கே இறக்கலாம் என்ற விவரம், இவை போதும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. சரக்கு இறக்க, வேலையாட்கள் வந்து போக அந்தப் பின்வாசல்தான் உதவும். புரோக்கர் முகப்பையும் வளவையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். அடுப்படிக் கட்டைத் துப்புரவாக்கி, பின்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுத் திறக்கும்படி செய்வதையும் ஸ்டேஜிங் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.