ஆன்லைன் ரம்மி: 26 மாதம் ஆடியதும் அதற்கு அப்புறமும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். 2021 நவம்பரில் இருந்து 2024 பொங்கல் வரை போனில் காசு கட்டி ரம்மி ஆடினேன். நிறுத்தி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் யாராவது இதில் மாட்டிக்கொண்டு இருப்பீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தமிழக அரசு போட்ட தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2021 ஆகஸ்டில். விளம்பரங்கள் திரும்ப வந்தன. ஊர்த் திண்ணையில் சீட்டாடிப் பழகிய எனக்கு, நமக்கென்ன தெரியாதா என்ற நினைப்பு. முதல் வாரமே 2,300 ரூபாய் ஜெயித்தேன். அந்தக் காசில் மனைவிக்கு ஒரு புடவை எடுத்தேன். இன்றைக்கும் அதை அவள் கட்டினால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஆடத் தெரியாமல் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன். 13 கார்டில் ஜோக்கரும் இல்லை, சீக்வென்ஸுக்கு (ஒரே இனத்தில் வரிசையாக வரும் கார்டுகள்) வழியும் இல்லை என்றால் முதலிலேயே டிராப் செய்ய வேண்டும், அதாவது அந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். நஷ்டம் 20 பாயிண்ட்டோடு போகும். விடாமல் உட்கார்ந்து ஆடித் தோற்றால் 80 வரை போகலாம். ராத்திரி பத்து மணி வரை இதை ஒழுங்காகச் செய்வேன். பன்னிரண்டுக்கு மேல், விட்ட காசு கண் முன்னால் நிற்கும்போது, எந்தக் கையையும் டிராப் செய்ய மனசு வராது. ஒரு பாயிண்ட்டுக்கு 50 காசு என்ற மேசையில் இருந்தவன் ஐந்து ரூபாய் மேசைக்குத் தாவுவேன். அங்கே 80 பாயிண்ட் என்றால் ஒரே ஆட்டத்தில் 400 ரூபாய்.

ஜெயித்த பணமும் வீடு வந்து சேராது. ஆப்பில் இருக்கும் வாலட்டிலேயே கிடக்கும். 2023 ஏப்ரலில் இருந்து வெளியே எடுத்தால் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, எதற்கு எடுப்பானேன், ஆடியே பெருக்கலாம் என்று விட்டுவிடுவேன். அந்த வரி நிகர லாபத்துக்குத்தான். எடுத்ததைவிடக் கட்டியது அதிகமாக இருந்த எனக்கு அது வராது. அதைக்கூட விசாரிக்கவில்லை.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் 6,500 ரூபாய் கணக்கில் ஏறியது. விடிகாலை 2.40க்குப் பார்த்தால் மிச்சம் 310. பாப்பாவின் ஸ்கூல் வேனுக்குத் திங்கட்கிழமை 1,200 கட்ட வேண்டும். காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அவள்தான் பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்கி வரச் சொன்னாள். 41 பக்கம். கட்டியதை நான் வாசிக்க வாசிக்க, அவள் கால்குலேட்டரில் போட்டாள். கட்டியது 2,41,300. திரும்பி வந்தது 68,900. போனது 1,72,400. கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, என்ற செயினு இதுக்குத்தான் போச்சுங்களா?" அண்ணன் கடை அட்வான்ஸுக்கு என்று பொய் சொல்லி நான் அடகு வைத்த மூணு பவுன் செயின் அது. ஆமாம் என்றேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

நிறுத்த எது உதவியது? ஆப்பை அழித்தது உதவவில்லை. நாலு முறை அழித்து நாலு முறை ஏற்றினேன். என் கணக்கை முடக்கச் சொல்லி எழுதினேன், ஆறு மாதத்துக்கு முடக்கினார்கள். மறுநாளே வேறொரு ஆப்பில் இருந்தேன். கைக்கும் காசுக்கும் நடுவே தூரம் வந்த பிறகுதான் என்னால் நிற்க முடிந்தது. சம்பளம் இப்போது நேராக அவள் கணக்குக்குப் போகிறது. என் போனில் யுபிஐ உள்ள கணக்கில் வாரம் 1,500 ரூபாய்தான் இருக்கும். முதல் இரண்டு மாதம் தூக்கமே இல்லை, கை பரபரக்கும். ஒரு ராத்திரி 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸுக்குக் கூப்பிட்டேன். தமிழில் பொறுமையாகப் பேசினார்கள், அதற்குக் காசு கிடையாது. கூச்சப்பட வேண்டாம், கூப்பிடுங்கள்.

ராத்திரி 12 முதல் 5 வரை ஆட முடியாது என்று தமிழக அரசு 2025 பிப்ரவரியில் விதி கொண்டு வந்தது. யுபிஐ ஹிஸ்டரியில் நேரத்தைப் பார்த்தேன்: நான் கட்டியதில் பாதிக்கு மேல் அந்த ஐந்து மணி நேரத்தில்தான். அப்போதே இருந்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையே மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் டெலிகிராமில் புதுப் புது லிங்க் இன்னும் வருகிறது. திறக்காமல் அழிக்கிறேன்.

பாப்பா பெயரில் போஸ்ட் ஆபீஸில் மாதம் 1,000 ரூபாய் ஆர்டி போடுகிறோம். வட்டி 6.7 சதவீதம். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை முடித்து எடுக்க முடியாது, எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

செயின் இன்னும் சொசைட்டியில்தான் இருக்கிறது. வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோம். வரும் தையில் மீட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் காலண்டரில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.