குடும்ப வரலாறு தேட ஒரு சார்பதிவாளர் அலுவலகம்

வடசென்னையில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பத்தின் பழைய விவரங்களைத் தேடுவோர், எழும்பூர் ஆவணக் காப்பகத்தையோ மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டையோதான் முதலில் நினைக்கின்றனர். எனக்கு அவற்றைவிட அதிகம் கொடுத்தது எங்கள் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகம். ஆனால், சொத்து வாங்குவோருக்கும் விற்போருக்குமாக நடக்கும் அந்த இடத்தில் முன்னோரைத் தேடி வருபவருக்கு வரவேற்பு எதுவும் இருக்காது.

இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதலான பதிவுகளையே காட்டும். அதற்கு முந்தைய காலத்துக்கு நேரில் மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்ட வேண்டும். பத்திர எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஆண்டு தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. இரண்டுமே தெரியாதவர்கள், சொத்து விவர அட்டவணையைத் தவிர, எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்கான அட்டவணையும் உண்டு என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். அங்குள்ளவர்கள் தாமாக அதைச் சொல்லவில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தை உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம்; மூன்றாம் புத்தகத்தில் உள்ள உயிலுக்கு, எழுதியவர் இறந்த பிறகு எவரும் நகல் கேட்கலாம். “சொத்துல கேஸ் ஏதாவது இருக்கா சார்?” என்று சந்தேகத்தோடு கேட்ட ஊழியரிடம் இதைப் பணிவாகச் சொன்னதும் மனு நகர்ந்தது.

கிடைத்த நகல், என் கொள்ளுத் தாத்தா தண்டையார்பேட்டையில் அரை மனைக்கும் குறைவான இடத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கிய அடமானப் பத்திரம். அவருடைய தகப்பனார் பெயர், தொழில், குடியிருந்த தெரு, மகள் கல்யாணத்துக்காகக் கடன் வாங்கிய விவரம் ஆகிய எல்லாம் நடுவில் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. நான்கெல்லையில் வடக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வருபவர், எங்கள் வீட்டில் எவரும் கேள்விப்பட்டிராத, கொள்ளுத் தாத்தாவின் தம்பி. பதிவின்போது அடையாளம் காட்டியவர்களின் பெயர்களையும் விடாமல் படிக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெரும்பாலும் மைத்துனரையோ பங்காளியையோதான் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

முன்னோரின் கையெழுத்தைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு போகக் கூடாது. அலுவலக எழுத்தர் புத்தகத்தில் பார்த்தெழுதிய படிதான் அங்கே இருக்கிறது. மூலப்பத்திரம் அப்போதே உரியவரிடம் திரும்பிப் போய்விட்டது. நகலின் தரமும் சுமார்தான். தையல் ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் முதலிரண்டு எழுத்துகள் இருட்டில் போய்விட்டன. மறுநகலுக்கு மீண்டும் அலையவிட்டார்கள். வாசலில் நிற்கும் இடைத்தரகர்கள் கேட்கும் தொகைக்கும் ரசீதில் வரும் கட்டணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிய மில் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்க வாய்ப்பில்லை. ராயபுரத்துக் கிறித்தவக் குடும்பங்கள் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தொடங்குவது நல்லது. மற்றவர்கள் முகூர்த்த நாள்களைத் தவிர்த்து, அஷ்டமியிலோ நவமியிலோ போகலாம். பத்திரம் பதியும் கூட்டம் குறைவாக இருப்பதால், பழைய புத்தகத்தை எடுத்துத் தர ஆள் கிடைப்பார்.