மலை ரயிலா, ராஃப்டிங்கா? மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு

குடும்பத்தோடு ஒரே ஒரு லீவுதான் என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். செங்கலடியில் திரும்பும் பதுளை வீதி, மகா ஓயா, பிபிலை தாண்டி மலை ரயில் தொடங்கும் பதுளையிலேயே கொண்டுபோய் விடுகிறது. தெமோதரையில் ரயில் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, மேலே அதே ஸ்டேஷனுக்கு வந்து நிற்பதையும், அப்புறம் எல்ல ஊருக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தையும் அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பட்டிப்பொல வந்தால் நல்ல குளிர், இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன் அது, ஸ்வெட்டர் கட்டாயம்.

ராஃப்டிங், அதாவது வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகில் போவது என்றால் கித்துல்கல, களனி கங்கை. ஹட்டனுக்கும் அப்பால், நமக்கு நீண்ட பயணம். நீச்சல் தெரிந்த வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் சரி, போங்கள், ஆனால் கடும் மழை நாளில் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.