பீளமேட்டில் யூஎக்ஸ் வகுப்பு: சேர நினைப்பவர்களுக்கு

கோவை பீளமேட்டில் வார இறுதியில் நடக்கும் யூஎக்ஸ் டிசைன் (ஆப், இணையதளத் திரைகளைப் பயன்படுத்த எளிதாக வடிவமைப்பது) வகுப்பை இப்போதுதான் முடித்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் சின்ன ஆபீஸில் டெஸ்டராக இருக்கிறேன். டிசைன் பக்கம் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஆரம்ப வாரங்கள் முழுக்க, திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருள்தான். ஆட்டோ லேஅவுட், காம்போனன்ட் என்று அதன் வசதிகளையே இழுத்துக்கொண்டே போனார்கள். யூடியூபிலேயே கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

எங்களை ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதிக்குக் கூட்டிப்போனார்களே, அதற்குத்தான் முழுக் கட்டணமும் தகும். துணியில் ஓட்டை, கறை, தையல் பிரிந்தது எல்லாவற்றையும் டேப்லெட்டில் பதிய வேண்டும். நாங்கள் வரைந்த திரையை அங்கே வேலை செய்யும் அக்காக்கள் ஐந்து பேரிடம் கொடுத்தோம். ஐந்து பேர் போதும் என்பது யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் போட்ட கணக்கு. பயன்படுத்துவதில் தடுக்கும் குறைகளில் சுமார் 85 சதவீதம் அதிலேயே அகப்பட்டுவிடும் என்பார் அவர். நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஏங்கண்ணு, இதுல எதைய அமுக்கோணும்?" என்று ஓர் அக்கா என் முகத்தையே பார்க்கிறார். பதில் சொல்லாமல் நிற்பது அவ்வளவு கஷ்டம். ஒரு கையில் துணி, இன்னொரு கையின் கட்டைவிரலால்தான் அமுக்குகிறார்கள். 'ஓட்டை' பொத்தானை அமுக்கினால் பக்கத்திலிருந்த 'கறை' பதிவானது.

இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருந்தால் அதைத் தொட நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் சொன்ன விதியை வகுப்பில் சூத்திரமாக எழுதிக்கொண்டோம். அது என்ன சொல்கிறது என்று அந்த மேசை அருகில்தான் புரிந்தது. ஆண்ட்ராய்டில் தொடும் பொத்தானுக்குக் கூகுள் பரிந்துரைக்கும் 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர், குறைந்தபட்ச அளவுதான். நாங்கள் பொத்தான்களை அதைவிடப் பெரிதாக்கி, நடுவில் நல்ல இடைவெளி விட்டோம்.

பெரிய குறை, டெவலப்பரிடம் ஒப்படைக்கும் வேலையைத் தொடவே இல்லை. நெட் போனால் பதிவு என்னாகும், தமிழ்ச் சொல் நீண்டால் பொத்தான் எப்படி விரியும், எரர் வந்தால் என்ன காட்டுவது? எங்கள் ஆபீஸ் அண்ணன்கள் தினமும் கேட்பது இதைத்தான். ஒரு வாரமாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்று மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பணம் கட்டும் முன் கம்பெனிக்குக் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். எல்லா பேட்சுக்கும் அது கிடையாது. இல்லை என்றால் அடுத்த பேட்ச் வரை பொறுத்திருங்கள்.