நாகர்கோவிலில் 'ஓவர்கிளாக்' கூலி 4,500 ரூபாய்: கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனம்

இன்டெல் ஐ5-12400 பிராசசரை ஓவர்கிளாக் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது) பண்ணித் தருகிறோம் என்று எந்தக் கடையிலாவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். அது இன்டெல்லே பூட்டி அனுப்புகிற பிராசசர். பெயரின் கடைசியில் கே, கேஎஃப், கேஎஸ் மாதிரி எழுத்து இருந்தால்தான் மல்டிப்ளையரை (வேகத்தை முடிவு செய்யும் பெருக்கு எண்ணை) ஏற்ற முடியும், அதற்கும் இசட்690, இசட்790 மாதிரி இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். எனக்கு மாட்டியது ஹெச்610 போர்டு, அதில் அந்த வசதியே கிடையாது.

தக்கலையில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். புது சிஸ்டத்துக்கு நாகர்கோவிலில் ஒரு கடையில் பேசியபோது, "மக்கா, இது வெறும் 2.5 கிகாஹெர்ட்ஸ், நாங்க 4.4 ஆக்கித் தாறோம், சூடாகாம இருக்க டவர் கூலரும் போட்டுரலாம்" என்றார்கள். கூலர் விலை தனி, கூலி மட்டும் 4,500. வாங்கப் போன அன்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து 4.4-ஐ பெருமையாகக் காட்டவும் செய்தார்கள். 2.5 என்பது அடிப்படை வேகம், 4.4 என்பது இன்டெல்லே கொடுத்திருக்கிற டர்போ, யாரும் தொடாமலே ஒன்றிரண்டு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) அந்த அளவுக்குத் தானாக ஏறும்.

சரி, காசோடு போகட்டும் என்று விடலாமென்றால், ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக்குவது) போட்டதும் ஃபேன் அலறுகிறது, வேகம் 2 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழுகிறது. வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் 100 டிகிரி. இந்த பிராசசரின் உச்ச வரம்பே அதுதான், அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூலரைக் கழற்றினேன். அடித்தட்டில், மாட்டுவதற்கு முன் உரிக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருக்கிறது, அதன் மேலேயே சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் தடவியிருக்கிறார்கள்! உரித்து, துடைத்து, புது பேஸ்ட் வைத்து மாட்டியதும் அதே ரெண்டரில் 70-ஐ ஒட்டியே நிற்கிறது.

கடையில் போய்க் கேட்டதற்கு, "ஓவர்கிளாக் பண்ணினா சூடு வரத்தான் செய்யும் தம்பி, ரூமுக்கு ஏசி போடு" என்கிறார் கடைக்காரர். "அண்ணே, பயாஸைத் (மதர்போர்டு செட்டிங்ஸ்) திறந்து எங்க மாத்துனீங்கன்னு காட்டுங்க" என்றேன், டெக்னீஷியன் லீவு என்றார். பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே சொல்.

நிஜமாகவே ஓவர்கிளாக் செய்தவர், எந்த மல்டிப்ளையர், எத்தனை வோல்டேஜ் என்று எழுதியே தருவார். வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினாலும் சூடு அதைவிட வேகமாக ஏறும், அதனால் உங்கள் கண்ணெதிரே பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஓசிசிடி அல்லது பிரைம்95 சாஃப்ட்வேரை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, வெப்பமும் வேகமும் நிலையாக நிற்கிறதா, நடுவில் ஹேங் ஆகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏஎம்டி வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்: அவர்களின் ரைசன் பிராசசர் பெரும்பாலும் பூட்டில்லாமல் வரும், ஆனால் ஏ520 போர்டை மாட்டிவிட்டு ஓவர்கிளாக் என்றால் நம்பாதீர்கள், பி550 மாதிரி ஓவர்கிளாக்கை அனுமதிக்கிற போர்டு வேண்டும். ஓவர்கிளாக்கால் பிராசசர் போனால் ஏஎம்டி வாரண்டியும் கிடையாது, அதைக் கடைக்காரர் வாயே திறக்க மாட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி கூலி கொடுத்தவர்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், மெசேஜில் வாருங்கள், சேர்ந்தே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.