மலையாளப் படம் வீட்டில் பார்க்க: டப்பிங்கா, ஒரிஜினலா?

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தகராறே தொடங்கும். தமிழில் வைப்பதா, மலையாளத்திலேயே விடுவதா? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டும் காதில் ஏறும். திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டிவந்த மருமகளுக்கும் மாமியாருக்கும் ஏறாது. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் அன்றைக்குச் சட்டம்.

என் கட்சி ஒரிஜினல் ஆடியோ, கீழே சப்டைட்டில். டப்பிங்கை ஒதுக்கவில்லை, அதற்கும் சில படங்கள் உண்டு. ரீமேக் தனிக் கணக்கு.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். சந்தா ஒன்றுதான், படத்தின் துல்லியமும் ஒன்றுதான். டப்பிங் என்றால் கீரை ஆய்ந்துகொண்டே பார்க்கலாம். சப்டைட்டில் என்றால் கண்ணைத் திருப்ப முடியாது. டப்பிங்கில் நடிகரின் சொந்தக் குரல் போய்விடும். இதெல்லாம் எந்த மொழிப் படத்துக்கும் பொருந்தும்.

மலையாளப் படத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: அதில் பல படங்களுக்குள் தமிழும் ஒரு பாத்திரம். 2024-இல் வந்த மஞ்ஞும்மல் பாய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சிப் பக்கத்துப் பையன்கள் கொடைக்கானல் வருகிறார்கள், ஒருவன் குணா குகைக்குள் விழுந்துவிடுகிறான். மற்றவர்கள் கடைக்காரரிடமும் போலீஸிடமும் ஓடிப் போய்ச் சொல்கிற இடத்தில் வாயில் வருவது அரைகுறைத் தமிழ். பதற்றத்தில் அதுவும் உடைகிறது. போலீஸ் நம்பாமல் அடிக்கிறது. அந்தக் காட்சியின் பயத்தில் பாதி, சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாத பயம். எல்லோரையும் தமிழ் பேச வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மொழியில் சரளமாகப் பேசிக்கொள்ளும். 'அப்புறம் எதுக்குய்யா அடிக்கிறான்?' என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார்.

நண்பகல் நேரத்து மயக்கம் இதைவிடப் பெரிய சோதனை. வேளாங்கண்ணி போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும் ஒரு மலையாளி, வழியில் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இறங்கி, யாரோ ஒருவர் வீட்டுக்குள் நேரே போய், அந்த வீட்டு ஆளாகவே தமிழ் பேசத் தொடங்குகிறார். மம்முட்டி மலையாளத்திலிருந்து தமிழுக்குத் தாண்டுகிற அந்த நொடிதான் கதை. பின்னணியில் விடாமல் ஓடும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும், வேற்றூரில் இருக்கிறோம் என்று காதுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். முழுக்கத் தமிழில் கேட்டால் ஒருத்தர் வீடு மாறிப் போய்விட்டார் என்பது மட்டும்தான் மிஞ்சும்.

மொழி மாறுவதுதான் இதில் எலும்பு என்பதைப் புரிந்துகொண்ட ரீமேக்கும் இருக்கிறது. மணிச்சித்திரத்தாழில் (1993) நாகவல்லி தஞ்சாவூர் நாட்டியக்காரி, மலையாள வீட்டுக்குள் தமிழ் பேசுவாள். அந்தக் கதை 2005-இல் சந்திரமுகியாகத் தமிழுக்கு வந்தபோது, தமிழ் பேசினால் வேற்றாளாகத் தெரியாது என்பதால் அவளைத் தெலுங்கு பேச வைத்தார்கள். திருத்தணிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு அந்தத் தெலுங்கு எந்த அளவு அந்நியமாகப் பட்டது என்பது வேறு விஷயம். ஆனால் வேலை சரியான வேலை. டப்பிங் எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. படம் எடுத்து முடிந்த பிறகுதான் அவர் கைக்கு வருகிறது.

அவர் கையைக் கட்டுவது இன்னொன்று, உதடு. மலையாள வினைக்கு ஆள் விகுதி இல்லை. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, எல்லாம் ஒன்றே. தமிழில் வந்தேன், வந்தான், வந்தாள் என்று நீளும். முகம் நெருக்கமாகத் தெரியும் ஷாட்டில் ப, ம போன்ற உதடு மூடும் ஒலிகளும் பொருந்தி வரவேண்டும். அதனால்தான் டப்பிங் வசனத்தில் தேவையே இல்லாத இடத்தில் 'என்னப்பா', 'ஆமாமா' என்று வந்து விழுகிறது. இடத்தை நிரப்புகிறார்கள், வேறு வழியில்லை.

சத்தத்திலும் இழப்பு உண்டு. படப்பிடிப்பிலேயே நேரடி ஒலிப்பதிவு செய்த படமென்றால் நடிகர் குரலும் மழைச் சத்தமும் பாத்திரம் உருளும் சத்தமும் ஒரே மைக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். குரலை எடுத்தால் அவையும் போகும், புதிதாகச் செய்து ஒட்டவேண்டும். அவசரத்தில் ஒட்டினால் ஆள் ஸ்டுடியோ அறைக்குள் நின்று பேசுவதுபோல் காது அடைத்த மாதிரி இருக்கும். சமையலறைக் காட்சிகளில் இதை உடனே கண்டுபிடிக்கலாம்.

டப்பிங் ஜெயிக்கும் இடங்கள்: பாட்டா, பாட்டி, சின்னப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து உட்காரும் நேரம், கதை கண்ணிலேயே ஓடுகிற படம். மின்னல் முரளியை (2021) யோசிக்காமல் தமிழில் வைக்கலாம். தமிழ் எழுத்தில் சப்டைட்டில் கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் ஆங்கிலம்தான் இருக்கும். வீட்டில் அதை வேகமாகப் படிக்க முடியாத ஒருவர் இருந்தால் இந்த வாதமெல்லாம் எடுபடாது.

ரீமேக்கில் திருஷ்யம் (2013), பாபநாசம் (2015) இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க முடியாது. இரண்டுக்கும் இயக்குநர் ஒருவரே, ஜீத்து ஜோசப். திருஷ்யத்தில் மோகன்லால் ஒன்றுமே செய்யாததுபோல் இருப்பார். பாபநாசத்தில் கமல் நெல்லைப் பேச்சை எடுத்துக்கொண்டு உடைந்து காட்டுவார். வீட்டில் முதல் தடவை பார்ப்பவருக்குப் பாபநாசம் போதும், குறை ஒன்றும் இல்லை. மகேஷிண்டே பிரதிகாரம் (2016) அப்படியல்ல, அது இடுக்கி மண்ணோடு ஒட்டிய படம். ரீமேக்கான நிமிரை முதலில் பார்க்காதீர்கள்.

ஒரிஜினல் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நமக்கு மலையாளம் தெரியும் என்ற தெம்பு எல்லையைத் தாண்டியதும் வரும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைதான் செல்லும். ராஜமாணிக்யத்தில் (2005) மம்முட்டி பேசும் தெற்கத்திப் பேச்சு பக்கத்து வீட்டு அண்ணாச்சி பேசுவதுபோல் இருக்கும். 'ன்னா தான் கேஸ் கொடு' (2022) போன்ற, கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டுப் படத்தில் சப்டைட்டிலை அணைத்தால் நீதிமன்ற நகைச்சுவை பாதி கைநழுவும். தல்லுமாலாவின் (2022) மலப்புரப் பேச்சும் வேகமானது.

டிவியில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். படத்தை ஓடவிட்டு நிறுத்தி, ஆடியோ பட்டியலில் மலையாளம் ஒரிஜினலைத் தேர்ந்தெடுங்கள். 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி) என்றும் சாதாரணம் என்றும் இரண்டு இருந்தால், சவுண்ட்பார் இல்லாத டிவிக்குச் சாதாரணம்தான் சரி. 5.1-இல் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று வைத்திருப்பார்கள். டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அதை நசுக்கும்போது வசனம் முணுமுணுப்பாகவும் பின்னணி இசை இடியாகவும் வரும். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் குரலைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

சப்டைட்டில் எழுத்து வெள்ளையாகத்தான் வரும். கேரளப் படத்தில் வெள்ளை வேட்டிக்கும் வெள்ளைச் சட்டைக்கும் பஞ்சமில்லை, இடுப்புக்குக் கீழே எழுத்து மறைந்தே போகும். நெட்ஃபிளிக்ஸில் பிரவுசர் வழியாகக் கணக்குக்குள் போய், புரொஃபைலில் சப்டைட்டில் தோற்றத்தை மாற்றலாம். கறுப்புப் பின்னணி, நடுத்தர அளவு வைத்தால் போதும். பெரிய அளவு வைத்தால் மூன்று வரியாகி முகத்தை மறைக்கும். மாற்றிய பிறகு படத்தை மூடித் திறக்கவேண்டும். பிரைம் வீடியோவில் சில படங்களின் டப்பிங் தனிப் படமாகவே பட்டியலில் நிற்கும், ஆடியோ பட்டியலில் மலையாளம் காணோம் என்றால் பெயரைத் திரும்பத் தேடுங்கள்.

டவுன்லோடு செய்து போனில் பார்ப்பவர்கள் கிளம்புமுன் ஏரோபிளேன் மோடில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எல்லா ஆடியோவும் இறங்கியிருக்கும் என்று நம்பிப் பஸ்ஸில் ஏறக்கூடாது. ஹெட்போனில் டப்பிங்கின் குறைகள் இன்னும் கூடுதலாகத் தெரியும் என்பது என் எண்ணம். விலை உயர்ந்த ஹெட்போனில் எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பழக்கமில்லாத வீட்டில் மஞ்ஞும்மல் பாய்ஸில் தொடங்குங்கள், தமிழ் அடிக்கடி வருவதால் சப்டைட்டில் பாரம் குறையும். அடுத்து பிரேமம் (2015), மலர் டீச்சர் பேசும் தமிழுக்குச் சப்டைட்டிலே வேண்டாம். காசர்கோட்டுப் படங்களைக் கடைசிக்கு வையுங்கள்.